எந்த வேம்பு? தாவரங்களின் இலத்தீன் பெயர்களைப் படிக்கக் கற்போம்

வேம்பு, கறிவேம்பு, நிலவேம்பு, மலைவேம்பு. இந்த நான்கு பெயர்களில் இரண்டையாவது நீங்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள். பெயரை வைத்துப் பார்த்தால் நான்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலத் தோன்றும். ஆனால், அவற்றின் பயன்பாடு அப்படியில்லை.

வேம்பு என்பது மாரியம்மன் கோயில் வாசலில் நிற்கும் மரம். அம்மை கண்ட வீட்டு வாசலில் அதன் இலையைச் செருகி வைப்பார்கள். மலாயில் செமாம்பு என்பார்கள். கறிவேம்பு நம் சமையலறையில் தாளிக்கப் பயன்படும் கறிவேப்பிலை. நிலவேம்பு முழங்கால் உயரம் வளரும் கசப்பான செடி. மலாயில் ஹெம்பெடு பூமி. மலைவேம்பு என்று அழைக்கப்படும் மரங்களில் ஒன்றின் பழங்கள் மனிதருக்கு நஞ்சு. அதை மலாயில் மிண்டி கெச்சில் என்று சொல்வார்கள்.

இப்போது கைப்பேசியில், "வேப்பிலையை அரைத்துக் குடித்தால் நல்லது" என்று ஒரு தகவல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அனுப்பியவர் எந்த வேம்பைச் சொன்னார்? படித்தவர் எந்த மரத்திலிருந்து இலையைப் பறிப்பார்? தமிழ்ப் பெயர் மட்டும் கையில் இருந்தால் இந்தக் கேள்விக்கு உறுதியான விடை இல்லை. விடை தருவது அறிவியல் பெயர். அந்தப் பெயரை எப்படிப் படிப்பது, எப்படி எழுதுவது, அதற்குள் என்ன செய்தி இருக்கிறது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

1. இரண்டு சொற்கள், ஒரு தாவரம்

நான்கு வேம்புகளின் அறிவியல் பெயர்கள் இவை:

• வேம்பு: அசாடிராக்டா இண்டிகா
• மலைவேம்பு: மீலியா அசெடராக்
• கறிவேம்பு: முராயா கோனிகீ (இன்னொரு பெயர் பெர்கெரா கோனிகீ, காரணம் பின்னால் வருகிறது)
• நிலவேம்பு: ஆண்ட்ரோகிராஃபிஸ் பேனிகுலாட்டா

ஒவ்வொன்றிலும் இரண்டு சொற்கள் உள்ளன. முதல் சொல் பேரினத்தைக் குறிக்கும். இரண்டாவது சொல் அந்தப் பேரினத்துக்குள் எந்தச் சிற்றினம் என்பதைக் காட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பெயர். இதற்கு இருசொற் பெயரீடு என்று பெயர்.

நமக்கு இது புதிய வழக்கம் அல்ல. தமிழர்கள் பெயர் எழுதும்போது தந்தையின் தலைப்பெழுத்தை முன்னால் போட்டு, சொந்தப் பெயரைப் பின்னால் எழுதுவது உண்டு அல்லவா? ரா. குமார், சு. குமார் என்று எழுதினால், இருவரும் குமார்தான். ஆனால் வேறு வேறு வீட்டுக் குமார். தாவரப் பெயரிலும் குடும்பத்தைச் சுட்டும் சொல் முன்னால் வருகிறது; தனிப்பெயர் பின்னால் வருகிறது.

இந்த ஒப்புமையால் இன்னொரு செய்தியும் விளங்கும். நம் தோட்ட வேலிகளில் வெள்ளைப் பூ பூத்து மணக்கும் கெமுனிங் செடியின் பெயர் முராயா பேனிகுலாட்டா. நிலவேம்பின் பெயரிலும் பேனிகுலாட்டா இருக்கிறது. அதனால் இரண்டும் உறவா? இல்லை. பேனிகுலாட்டா என்றால் 'கிளைத்த பூங்கொத்து உடையது' என்று பொருள். அப்படிப் பூக்கும் எந்தச் செடிக்கும் அந்தப் பெயரை வைக்கலாம். இரண்டு குமார்கள் அண்ணன் தம்பியாக இருக்க வேண்டியதில்லை. உறவைத் தேட வேண்டுமானால் முதல் சொல்லைப் பாருங்கள்.

முதல் சொல்லுக்கு மேலே குடும்பம் என்ற பெரிய வகை இருக்கிறது. வேம்பும் மலைவேம்பும் மீலியேசியே குடும்பம். கறிவேம்பு ரூட்டேசியே குடும்பம்; அதாவது எலுமிச்சையின் உறவு. கறிவேப்பிலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் எலுமிச்சை இலையில் உள்ளதுபோல் சிறு எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். நிலவேம்பு அக்காந்தேசியே குடும்பம். அது கனகாம்பரத்தின் உறவு. தமிழில் ஒரே சொல்லால் கட்டப்பட்ட நான்கு தாவரங்கள், அறிவியலில் மூன்று குடும்பங்களாகப் பிரிந்து நிற்கின்றன.

2. லின்னேயசுக்கு முன்னும் பின்னும்

இருசொற் பெயரீட்டை முறையாக நிலைநிறுத்தியவர் சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் (1707–1778). 1753-இல் அவர் வெளியிட்ட 'ஸ்பீசீஸ் பிளான்டாரம்' என்ற நூலே தாவரப் பெயர்களுக்குத் தொடக்கப் புள்ளி என்று இன்றும் ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

அதற்கு முன் என்ன செய்தார்கள்? ஒரு செடியின் பெயரே ஒரு முழு வருணனையாக இருந்தது. நம் வீட்டோரங்களில் முளைக்கும் சொடக்குத் தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பை போன்ற உறைக்குள் காய் இருக்கும். நெற்றியில் அடித்தால் 'டப்' என்று வெடிக்கும். மலாயில் லெத்துப்-லெத்துப். இதன் பழைய இலத்தீன் பெயருக்குப் பொருள் ஏறத்தாழ இப்படி இருந்தது: 'ஓராண்டு வாழ்வதும், மிகவும் கிளைப்பதும், கோணமுள்ள மழமழப்பான கிளைகளும், பல் பல்லாக வெட்டுப்பட்ட இலைகளும் உடைய ஃபைசாலிஸ்'. லின்னேயஸ் இதை ஃபைசாலிஸ் ஆங்குலாட்டா என்று இரண்டே சொல்லாக்கினார். ஆங்குலாட்டா என்றால் கோணமுடையது. பெயர் என்பது முழு வருணனை சொல்ல வேண்டியதில்லை. பிற செடிகளிலிருந்து பிரித்துக் காட்டினால் போதும் என்பதே அவர் கண்ட எளிய வழி.

இலத்தீன் ஏன்? அக்கால ஐரோப்பிய அறிஞர்களுக்கு அது பொது மொழி. இன்று எந்த நாட்டு மக்களும் அதை வீட்டில் பேசுவதில்லை. அதனால் அந்தச் சொற்களின் பொருள் பேச்சு வழக்கில் தேய்ந்து மாறுவதில்லை. 2012 முதல் புதிய தாவரத்தின் விளக்கத்தை ஆங்கிலத்திலும் எழுதலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. ஆனால் பெயர் மட்டும் இலத்தீன் வடிவில்தான் இருக்க வேண்டும்.

3. இலத்தீன் உடையில் நம் சொற்கள்

இலத்தீன் பெயர் என்கிறோமே தவிர, வேர்ச்சொற்கள் எல்லாம் இலத்தீன் அல்ல. பல மொழிச் சொற்கள் இலத்தீன் உடை அணிந்து வருகின்றன.

முருங்கையின் பெயர் மோரிங்கா ஒலிஃபெரா. மோரிங்கா என்பது நம் முருங்கையேதான். ஒலிஃபெரா என்றால் எண்ணெய் தருவது. முருங்கை விதையிலிருந்து எண்ணெய் எடுக்கலாம். சாலையோரங்களில் வேலியாக நிற்கும் வெட்சிப்பூ, இக்சோரா காக்சினியா. இக்சோரா என்பது ஈசுவரன் என்ற பெயரை ஐரோப்பியர் உச்சரித்த விதம். காக்சினியா என்றால் கருஞ்சிவப்பு. மிளகின் பெயரான பைப்பர் நைக்ரமில் உள்ள பைப்பர், பிப்பலி என்ற வடசொல்லிலிருந்து கிரேக்கம் வழியாக வந்தது. பிப்பலிதான் நம் திப்பிலி.

அசாடிராக்டா இண்டிகாவில் உள்ள அசாடிராக்டா பாரசீகச் சொல்: ஆசாத் என்றால் சுதந்திரமான, உயர்ந்த, திரக்த் என்றால் மரம். மலைவேம்பின் அசெடராக் என்ற சொல்லும் அதே பாரசீகச் சொல்லின் இன்னொரு வடிவம்தான். லின்னேயஸ் இரண்டையும் மீலியா என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார். வேம்புக்கு அவர் வைத்த பெயர் மீலியா அசாடிராக்டா. 1830-இல் வேம்பு தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது. ஆகவே இந்த இரண்டு மரங்களும் தமிழர்களுக்கு மட்டுமல்ல, அறிஞர்களுக்கும் நெருக்கமாகவே தோன்றியிருக்கின்றன. அப்படியானால் எப்படிப் பிரித்தறிவது? வேம்பில் நடுக்காம்பின் இரு பக்கமும் சிற்றிலைகள் நேராக ஒட்டியிருக்கும், பூ வெள்ளை. மலைவேம்பில் நடுக்காம்பு மீண்டும் கிளைக்கும். அந்தக் கிளைகளில்தான் சிற்றிலைகள் இருக்கும். பூ இளம் ஊதா. இதுதான் உயிரைக் காக்கும் வேறுபாடு.

சில பெயர்களில் மனிதர்கள் இருக்கிறார்கள். காகிதப்பூவின் பேரினமான பூகன்வில்லியா, பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில் பெயரைத் தாங்கியது. கறிவேப்பிலையின் கோனிகீ, யோகான் கெரார்ட் கோனிக் என்பவரைக் குறிக்கிறது. பெயரின் இறுதியில் வரும் 'ஈ' ஒலிக்கு 'அவருடைய' என்று பொருள். லின்னேயசின் மாணவரான கோனிக், 1768 முதல் தமிழகக் கடற்கரையில் தரங்கம்பாடியில் மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டே தாவரங்களைச் சேகரித்தார். 1779-இல் சயாமுக்கும் மலாக்காவுக்கும் பயணம் செய்து குறிப்புகள் எழுதினார். அடுத்த முறை ரசத்தில் கறிவேப்பிலை மிதக்கும்போது அவரை நினைத்துக்கொள்ளலாம்.

4. இரண்டாவது சொல் சொல்லும் செய்தி

சிற்றினச் சொற்களில் ஏறத்தாழ இருபதை அறிந்துகொண்டால் போதும். தோட்டத்தில் உள்ள பெயர்ப் பலகைகள் பேசத் தொடங்கிவிடும். அவற்றை நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

நிறம்: ஆல்பம் – வெள்ளை (சந்தனம், சான்டலம் ஆல்பம்). நைக்ரம் – கருப்பு (மிளகு). ரோசியஸ் – இளஞ்சிவப்பு (நித்தியகல்யாணி, கேதராந்தஸ் ரோசியஸ்).

உருவமும் தன்மையும்: கிராண்டிஃபுளோரா – பெரிய பூ உடையது (அகத்தி, செஸ்பானியா கிராண்டிஃபுளோரா). எரெக்டா – நிமிர்ந்து நிற்பது (செண்டுப்பூ, டேஜிடிஸ் எரெக்டா). பாட்டுலா – பரந்து விரிவது (குட்டைச் செண்டு, டேஜிடிஸ் பாட்டுலா). கிளாப்ரா – மயிரற்றது (ஒருவகைக் காகிதப்பூ). புடிகா – நாணமுடையது (தொட்டாற்சிணுங்கி, மிமோசா புடிகா). மலாயில் அதன் பெயர் செமாலு. அதற்குள்ளும் 'மாலு', அதாவது வெட்கம் இருக்கிறது. மூன்று மொழிக்காரர்களும் அந்தச் செடியிடம் ஒரே குணத்தைக் கண்டிருக்கிறார்கள்.

இடம்: இண்டிகா – இந்தியா. ஏசியாட்டிகா – ஆசியா (வல்லாரை, சென்டெல்லா ஏசியாட்டிகா). மலாக்கென்சே – மலாக்கா (ஜம்பு போல், சிசிஜியம் மலாக்கென்சே). அம்போனிகஸ் – இந்தோனேசியாவின் அம்போன் தீவு (கற்பூரவல்லி, கோலியஸ் அம்போனிகஸ்). சினென்சிஸ் – சீனா. 1960-இல் மலாயாவின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தியின் பெயர் ஹைபிஸ்கஸ் ரோசா-சினென்சிஸ், அதாவது 'சீனத்து ரோசா' ஆகிய ஹைபிஸ்கஸ்.

பயன்: சட்டைவா – பயிரிடப்படுவது (நெல், ஒரைசா சட்டைவா). அஃபிசினாலே – மருந்துக்கடைக்கு உரியது (இஞ்சி, சிஞ்ஜிபர் அஃபிசினாலே). எஸ்குலென்டா – உண்ணத்தக்கது (மரவள்ளி, மேனிஹாட் எஸ்குலென்டா). கதார்டிகா – பேதியாக்குவது (மஞ்சள் பூக் கொடி, அல்லமாண்டா கதார்டிகா).

இங்கே ஒரு சிறு இலக்கணம். நெல்லுக்குச் சட்டைவா, கொத்தமல்லிக்குக் கொரியாண்ட்ரம் சட்டைவம், வெள்ளரிக்குக் குக்குமிஸ் சட்டைவஸ். ஏன் ஈறு மாறுகிறது? இலத்தீனில் பெயர்ச்சொற்களுக்கு ஆண்பால், பெண்பால், பொதுப்பால் உண்டு. தமிழில் நல்லவன், நல்லவள், நல்லது என்று மாறுவதுபோல, அங்கே சட்டைவஸ், சட்டைவா, சட்டைவம் என்று முதல் சொல்லின் பாலுக்கு ஏற்ப இரண்டாவது சொல் மாறும். பொருள் ஒன்றே.

5. பெயரை அப்படியே நம்பலாமா?

பெயரின் பொருள் ஒரு குறிப்பு மட்டுமே, சான்றிதழ் அல்ல. புளியின் பெயர் டாமரிண்டஸ் இண்டிகா. டாமரிண்டஸ் என்பது 'இந்தியப் பேரீச்சை' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பெயரில் இரண்டு முறை இந்தியா இருக்கிறது. ஆனால் புளியமரத்தின் தாயகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா. செம்பருத்தியின் பெயரில் ரோசா இருந்தாலும் அது ரோசாக் குடும்பம் அல்ல, வெண்டைக்காயின் குடும்பம்.

பயனைச் சொல்லும் பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். எஸ்குலென்டா என்றால் உண்ணத்தக்கது என்றோம். ஆனால் மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாகத் தின்றால் அதிலுள்ள பொருள்களிலிருந்து சயனைடு உருவாகும். தோலுரித்து நன்றாக வேகவைத்த பிறகே அது உணவு. அதேபோல், அஃபிசினாலே என்ற சொல் ஒரு செடிக்கு இருந்தால், ஒரு காலத்தில் மருந்துக்கடையில் அது இருந்தது என்று மட்டுமே பொருள். எவ்வளவு, யாருக்கு, எப்படி என்பதை அந்தப் பெயர் சொல்லாது. பெயரின் வேலை அடையாளம் காட்டுவது. உண்ணலாமா என்று முடிவு செய்வது வேறு வேலை.

6. பெயர்கள் ஏன் மாறுகின்றன?

மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "ஒரே பெயர் என்கிறீர்கள், ஆனால் புத்தகத்துக்குப் புத்தகம் வேறாக இருக்கிறதே?" முக்கியமான காரணங்கள் இரண்டு.

முதல் காரணம், முந்தியவருக்கே முதலிடம் என்ற விதி. துளசிக்கு லின்னேயஸ் 1753-இல் ஓசிமம் டெனுயிஃபுளோரம் என்று பெயர் வைத்தார். மெல்லிய பூக்களை உடையது என்று பொருள். பிறகு 1767-இல் ஓசிமம் சாங்க்டம் என்ற பெயரையும் வைத்தார். புனிதமானது என்று பொருள். இரண்டும் ஒரே செடி என்று பின்னால் தெளிவானது. சாங்க்டம் எவ்வளவு அழகான பெயராக இருந்தாலும், 1753-ஆம் ஆண்டுப் பெயரே செல்லும்.

இரண்டாவது காரணம், உறவைப் பற்றிய புதிய அறிவு. கறிவேப்பிலைக்கு லின்னேயஸ் 1771-இல் பெர்கெரா கோனிகீ என்று பெயரிட்டார். 1825-இல் அதை முராயா பேரினத்துக்கு மாற்றினார்கள். அண்மைக் காலத்தில் மரபணு ஆய்வுகள், அது கெமுனிங் செடியோடு ஒரே பேரினத்தில் இருக்க வேண்டியதில்லை என்று காட்டின. எனவே பல தாவரத் தரவுத்தளங்கள் மீண்டும் பெர்கெரா கோனிகீ என்றே எழுதுகின்றன. பழைய நூல்களில் முராயா என்றுதான் இருக்கும். கவனித்தீர்களா? பேரினம் மாறினாலும் கோனிகீ அப்படியே இருக்கிறது. தலைப்பெழுத்து மாறினாலும் சொந்தப் பெயர் நிற்கிறது. பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைத்துப் பார்க்க இந்த இரண்டாவது சொல்லே உதவும்.

நித்தியகல்யாணியின் கதையும் இப்படித்தான். அதற்கு லின்னேயஸ் வைத்த பெயர் விங்கா ரோசியா. இன்று அது கேதராந்தஸ் ரோசியஸ். ஆனால் அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட புற்றுநோய் மருந்துகளின் பெயர்கள் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின். பழைய விங்கா இன்னும் மருத்துவமனையில் வாழ்கிறது.

சிங்கப்பூரின் தேசிய மலரும் பெயர் மாறியதுதான். 1981-இல் தேசிய மலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அது வாண்டா மிஸ் ஜோவாக்கிம். வாண்டா என்பது மரத்தின்மேல் வளரும் செடிகளைக் குறித்த வடசொல். இன்று அதன் பேரினம் பாப்பிலியோனாந்தே, அதாவது வண்ணத்துப்பூச்சி மலர். இது இரண்டு சிற்றினங்களின் கலப்பினம். எனவே 'மிஸ் ஜோவாக்கிம்' என்ற பகுதி இலத்தீன் சிற்றினச் சொல் அல்ல. கலப்பினத்துக்கு வைத்த சிறப்புப் பெயர்.

7. தேர்வில் எழுதும் முறை

ரோமன் எழுத்துகளில் எழுதும்போது நான்கு விதிகளை மறக்காதீர்கள்.

• பேரினச் சொல்லின் முதல் எழுத்து பெரிய எழுத்து. சிற்றினச் சொல் முழுவதும் சிறிய எழுத்து. நாட்டின் பெயரிலிருந்து வந்திருந்தாலும் சிறிய எழுத்துதான்.
• அச்சில் சாய்வெழுத்து. கையால் எழுதும்போது இரண்டு சொற்களுக்கும் தனித்தனியே அடிக்கோடு.
• ஒருமுறை முழுப்பெயரை எழுதிய பிறகு, பேரினத்தை முதல் எழுத்தும் புள்ளியுமாகச் சுருக்கலாம். சிற்றினச் சொல்லைச் சுருக்கக் கூடாது.
• பெயருக்குப் பின்னால் வரும் 'எல்' என்ற எழுத்தும் புள்ளியும் லின்னேயஸ் பெயரிட்டார் என்பதைக் குறிக்கும். அது பெயரின் பகுதி அல்ல. அதைச் சாய்வெழுத்தில் எழுத வேண்டாம்.

8. செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள ஐந்து செடிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இலை, பூ, காய் ஆகியவற்றைப் படம் எடுங்கள். தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர் இரண்டையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பிறகு கியூ தாவரவியல் பூங்காவின் இணையத் தரவுத்தளத்திலோ, சிங்கப்பூர்த் தேசியப் பூங்காக் கழகத்தின் தாவரப் பக்கத்திலோ அறிவியல் பெயரைத் தேடி, அங்குள்ள விளக்கத்தோடு உங்கள் செடியின் இலையையும் பூவையும் ஒப்பிடுங்கள். கைப்பேசிச் செயலி சொல்வதை முதல் ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கு, சிங்கப்பூர் தாவரவியல் பூங்காக்களுக்கோ மலாயாப் பல்கலைக்கழகத்தின் ரிம்பா இல்முவுக்கோ போக வாய்ப்புக் கிடைத்தால் பெயர்ப் பலகைகளைப் படித்துப் பாருங்கள்.

ஒரு கட்டாய விதி: அடையாளம் காண்பதற்காக எந்த இலையையும் காயையும் வாயில் வைக்காதீர்கள். பள்ளித் தோட்டங்களில் பரவலாக நிற்கும் அரளி, நீரியம் ஒலியாண்டர், எல்லாப் பகுதியும் நஞ்சு. மஞ்சள் அரளி வேறொரு பேரினம், அதுவும் நஞ்சுதான்.

யாராவது ஒரு மூலிகையைப் பற்றிச் சொன்னால், "அதன் அறிவியல் பெயர் என்ன?" என்று பணிவாகக் கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால், அந்தச் செடி எது என்பது இன்னும் உறுதியாகவில்லை என்று பொருள்.

பயிற்சி வினாக்கள்

1. செஸ்பானியா கிராண்டிஃபுளோரா, டேஜிடிஸ் எரெக்டா ஆகியவற்றின் இரண்டாவது சொற்களுக்குப் பொருள் என்ன?
2. ஆண்ட்ரோகிராஃபிஸ் பேனிகுலாட்டா, முராயா பேனிகுலாட்டா இரண்டும் நெருங்கிய உறவா? காரணம் கூறுக.
3. ஒரு மாணவர் செம்பருத்தியின் பெயரில் இரண்டு சொற்களையும் பெரிய எழுத்தில் தொடங்கி, அடிக்கோடு இல்லாமல் எழுதினார். பிழைகள் எவை?
4. துளசியின் பெயரில் டெனுயிஃபுளோரம் நிலைத்து, சாங்க்டம் கைவிடப்பட்டது ஏன்?
5. வேம்பையும் மலைவேம்பையும் இலையைக் கொண்டு பிரித்தறிவது எப்படி?

விடைகள்

1. பெரிய பூ உடையது, நிமிர்ந்து நிற்பது. 2. இல்லை, பேரினமும் குடும்பமும் வேறு. பொதுவான சொல் பூங்கொத்தின் அமைப்பை மட்டும் குறிக்கிறது. 3. சிற்றினச் சொல் சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும். கையெழுத்தில் இரண்டு சொற்களுக்கும் தனித்தனியே அடிக்கோடு வேண்டும். 4. 1753-இல் வைக்கப்பட்ட பெயர், 1767-இல் வைக்கப்பட்ட பெயரைவிட முந்தியது. 5. வேம்பில் சிற்றிலைகள் நடுக்காம்பில் நேராக ஒட்டியிருக்கும். மலைவேம்பில் நடுக்காம்பு மீண்டும் கிளைத்து, அந்தக் கிளைகளில் சிற்றிலைகள் இருக்கும்.